காதில் இரைச்சல், பல்லில் சொத்தை: ட்ரில் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: எனக்கு 48 வயது. குமாரபாளையத்தில் 20 வருடம் விசைத்தறி ஓட்டினேன். கொஞ்ச காலமாக இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல். தட்டு கீழே விழுந்தால்கூடக் காது கூசுகிறது. அன்றைக்கு இரவு இரைச்சல் கூடித் தூக்கம் போய்விடுகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. க்ளீனிங்கும் செய்ய வேண்டும் என்கிறார் பல் டாக்டர். போன தடவை அந்த மெஷின் சத்தம் தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா? இல்லை, பல்லை இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். சத்தத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டால், பின்னால் அதிகச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டிவரும். சின்னச் சொத்தை என்றால் ட்ரில் ஓடுவது சில நிமிடம். நரம்பு வரை போய்விட்டால் ரூட் கெனால், அதன்மேல் கேப். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். ட்ரில் விடாமல் ஓடும் வேலை அதுதான். ரூட் கெனாலைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் பல்லைத் திறக்கும்போது மட்டும்தான் பெரிய சத்தம். வேரைச் சுத்தம் செய்யும், ஊசி மாதிரியான ஃபைலைக் கையாலேயே ஓட்டலாம். மோட்டாரில் ஓட்டினாலும் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான். நடுவில் 'பீப் பீப்' என்று வேரின் நீளம் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதன் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லலாம்.

இனி பஞ்சு விஷயம். பஞ்சு அநேகமாக எதையும் தடுக்காது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்ப்ளக் தடுக்கும், ஆனால் பாதியைத்தான். ட்ரில் சத்தம் உங்களுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, காற்று வழியாகக் காதுத் துளைக்குள். இன்னொன்று, பல்லின் அதிர்வு தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக நேரே உள்காதுக்கு. இந்த இரண்டாவது வழியை எந்த ப்ளக்காலும் அடைக்க முடியாது. காதை அடைத்தால் தாழ்ந்த சுருதிச் சத்தம் இன்னும் பெரிதாகவே கேட்கும். விரலால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், தெரியும். மரத்துப்போகும் ஊசியும் வலியை நிறுத்துமே தவிர, எலும்பு வழியாகப் போகும் அதிர்வை நிறுத்தாது.

அதனால் எந்தக் கருவி எப்போது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விசில் மாதிரிக் கூவுகிறதே, அது ஏர்ரோட்டர். காற்றழுத்தத்தில் நிமிடத்துக்கு 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் சுற்று வரை சுற்றும். அதாவது நொடிக்கு 5,000-க்கு மேல். தறிச் சத்தம் காதை முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4,000 அதிர்வு) பக்கத்தில். உங்களுக்கு அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இந்த விசில் ஒலிக்கிறது, அதனால்தான் இவ்வளவு கூசுகிறது. இதற்கும், எச்சில் உறிஞ்சும் குழாய்க்கும் ப்ளக் நன்றாகவே உதவும். சொத்தையின் மிருதுவான பகுதியைச் சுரண்ட மைக்ரோமோட்டாரை எடுப்பார்கள். மெதுவாக, 'கடகட'வென்று ஓடும். அப்போது ப்ளக்கைக் கழற்றிவிட்டால்தான் பலருக்குச் சுகமாக இருக்கிறது. கருவியை மாற்றும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். ப்ளக்கை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே நன்றாகச் செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை வைத்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை.

ஹெட்போனில் பாட்டுக் கேட்கச் சொல்லிப் பலர் யோசனை தருகிறார்கள். மெல்ல வைத்தால் சரி. ட்ரில்லை அமுக்குவதற்காக வால்யூமைக் கூட்டுவது மாதிரி மோசமான காரியம் வேறில்லை.

'இந்தச் சத்தத்தில் காது போய்விடுமோ' என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது தொழில் சுகாதாரத்தில் பரவலாக வைக்கும் எல்லை. பல் ட்ரில் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும், ஓடுவதும் சில நிமிடம்தான். அதில் கேட்கும் திறன் குறைய வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் தறிக்கூடத்தில் நாள் முழுக்கக் கேட்டது இதைவிட அதிகம். இரைச்சல் கூடுவது வேறு விஷயம்; அது உங்கள் கற்பனை இல்லை. ஆனால் பெரும்பாலும் சில மணி நேரத்தில், அல்லது சில நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

உங்களை எழுந்து ஓட வைத்தது க்ளீனிங் செய்யும் மெஷினான அல்ட்ராசோனிக் ஸ்கேலராக இருக்கும். அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வு காதுக்கு எட்டாத உயரம் என்றாலும், முனை பல்லில் பட்டுத் தெறிக்கும் கீச்சொலி நன்றாகவே எட்டும். இதற்கு நேரடி மாற்று இருக்கிறது: கையால் சுரண்டும் ஸ்கேலர். 'கறக் கறக்' என்று கேட்கும், ஆனால் கீச்சு இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் சில டாக்டர்கள் தயங்குவார்கள். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்யக் கேளுங்கள்.

சொத்தைக்கும் அப்படி ஒரு வழி உண்டு. குழி வெளியே திறந்திருந்தால், கரண்டி மாதிரியான சின்னக் கருவியால் மிருதுவானதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைக்கலாம். 1980-களில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்காகத் தான்சானியாவில் உருவான முறை இது. பப்பாளிப் பால் நொதி கலந்த ஜெல்லை வைத்து இளக்கிச் சுரண்டுவதும் உண்டு. ஆழமான, மூடிய சொத்தைக்கு இவை ஒத்துவராது. எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆகவே முதல் நாள் எக்ஸ்ரேவும் பேச்சும் மட்டும் போதும். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். கூட்டமும் டிவியும் இருக்காது. ட்ரில்லுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸரின் சத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். ட்ரில்லைத் தள்ளி வைத்துச் சில நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டினால் பெரும்பாலோர் தாங்கிவிடுகிறார்கள். நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

பலரும் மறக்கிற ஒன்று, தாடை. பல்லை இறுகக் கடித்தால் இரைச்சலின் சுருதி மாறுகிறதா? மாறினால், தாடை மூட்டுக்கும் உங்கள் இரைச்சலுக்கும் தொடர்பு இருக்கலாம். அந்த மூட்டு இருப்பதே காதுக்கு முன்னால்தான். நெடுநேரம் வாயைப் பிளந்து வைத்திருந்தாலே அன்று இரைச்சல் கூடும். கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை கேளுங்கள், அடிக்கடி வாயை மூட இடைவெளி கேளுங்கள்.

மருந்து எழுதும்போது காது விஷயத்தைச் சொல்லுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின் இரைச்சலைக் கிளப்பும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் உள்காதைப் பாதிக்கக்கூடியவை. பல்லுக்கு வழக்கமாகத் தரும் அமாக்ஸிசிலினில் அந்தப் பயமில்லை. மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் இருப்பதால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கும், காதிலும் துடிப்புக் கேட்கலாம், தானே அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கக் காதை அடைத்தே வைத்தால் கூச்சம் இன்னும் கூடும். ஃபேன் ஓடட்டும், ரேடியோ மெல்லப் பாடட்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ தலை சுற்றினாலோ, அன்றே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

மரப்பு விலகிய பிறகு, கடிக்கும்போது மற்றப் பற்கள் சேருமுன்பே அடைத்த பல் இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். ஃபில்லிங் மயிரிழை உயர்ந்திருந்தாலும் தாடை இறுகி இரைச்சல் கூடலாம். நிறக் காகிதம் வைத்துக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த இடத்தைத் தேய்த்துவிடுவார்கள். அதற்கும் ட்ரில்தான், ஆனால் சில நொடி.