பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கையளிப்பது என்றால் என்ன?

தாத்தாவும் பாட்டியும் தாங்கள் நம்புகிற கடவுளைத் தங்கள் அன்றாட வாழ்க்கையின் வழியாகவே பேரப்பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவதைத்தான் விசுவாசத்தைக் கையளித்தல் என்கிறோம். அப்போஸ்தலர் பவுல், தம் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (1:5), தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு கடவுளின் வார்த்தையைப் பேசும்படி விவிலியத்தின் உபாகமம் என்ற நூல் (6:7) சொல்கிறது.

நீலகிரியில் தயிர் உறைவதைப் பாருங்கள். பாலில் உறைமோர் விட்டால் மட்டும் போதாது. மார்கழிக் குளிரில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி, அடுப்போரம் வைத்து, அசைக்காமல் விட்டால்தான் விடிவதற்குள் உறையும். வசனங்களைக் கற்றுக்கொடுப்பது உறைமோர் விடுவது போன்றது. வீட்டின் அன்பே அந்த வெதுவெதுப்பு. கோயம்புத்தூரிலிருந்து மே விடுமுறைக்குக் கோத்தகிரிக்கு வரும் பேத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு விவிலிய வரியின் கீழ் விரலை நகர்த்தி வாசிக்கும் பாட்டியையும், ஜெபத்தில் தேயிலை பறிக்கும் அண்டை வீட்டாரின் பெயரை அவர் மறவாமல் சொல்வதையும் பார்க்கிறாள். என் பார்வையில், நீண்ட அறிவுரைகளைவிட இதற்கே வலிமை அதிகம். பெற்றோரை ஒதுக்கிவிட்டு இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேரப்பிள்ளை கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆனால், தாம் உயிர்த்தெழுந்ததைச் சந்தேகப்பட்ட சீடர் தோமாவை இயேசு விலக்கிவிடாமல், தம் காயங்களைத் தொட்டுப் பார்க்கவே அழைத்தார்.