எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹோட்டலில் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மூன்றரை மாதத்துக்கு முன்பு ஸ்லீவ் முறையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வீட்டில் சாப்பிடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போனோம். கோழி வறுவல் நான்கைந்து வாய்தான் சாப்பிட்டிருப்பேன், நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டது. வாயெல்லாம் எச்சில் ஊறி, கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்து வருகிறேன். அடுத்த வாரம் அண்ணன் குடும்பத்தோடு ஒரு உணவகத்தில் விருந்து. நான் போகலாமா? என்ன சாப்பிடலாம்? "ஏன் இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிடுகிறாய்" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: தாராளமாகப் போங்கள். மூன்றரை மாதம் ஆகிவிட்டது, வீட்டில் திட உணவு சிரமமில்லாமல் இறங்குகிறது என்றால், உணவகத்தில் சாப்பிட உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. அன்றைக்கு நடந்ததற்குக் கோழி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் சாப்பிட்ட வேகம்தான் காரணமாக இருந்திருக்கும். வீட்டில் தட்டைப் பார்த்து நிதானமாகச் சாப்பிடுகிறீர்கள். பத்துப் பேர் நடுவில் உட்காரும்போது கவனம் பேச்சில் போய்விடும், கை மற்றவர்களின் வேகத்துக்கு மாறிவிடும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு வெளியில் சாப்பிடும் முதல் நாள் இப்படித்தான் முடிகிறது.

உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறோம். மிச்சம் இருப்பது குறுகலான ஒரு குழாய். தொடக்கத்தில் அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். பழைய இரைப்பையின் மேல்பகுதி, உணவு வர வர நெகிழ்ந்து இடம் கொடுக்கும். வேகமாகச் சாப்பிட்டாலும் முன்பு தாங்கியது அதனால்தான். அந்த நெகிழும் பகுதியே இப்போது இல்லை. சரியாக மெல்லாத ஒரு துண்டு இறங்கிப் பாதையில் நிற்கிறது, அதன் மேலேயே அடுத்த வாய் போய் விழுகிறது. அதைக் கீழே தள்ள உடம்பு எச்சிலையும் கோழையையும் சுரந்துகொண்டே இருக்கிறது. உங்கள் வாயெல்லாம் எச்சில் ஊறியது அதனால்தான். அடைப்பு நீங்கியதும் சரியாகிவிட்டது என்றால் தையல் பிரிந்துவிட்டதோ என்றெல்லாம் பயப்பட வேண்டாம்.

அந்த அடைப்பு வருவதற்கு முன்பே உடம்பு ஒரு குறிப்புக் கொடுத்திருக்கும். சிலருக்கு மூக்கில் நீர் வடியும். சிலருக்கு ஒரு விக்கல், ஒரு தும்மல், இல்லையென்றால் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு. பழைய மாதிரி "வயிறு நிறைந்தது" என்ற உணர்வுக்காகக் காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். இப்போது நிறைவு வயிற்றில் தெரியாது, நெஞ்செலும்புக்குக் கீழே லேசான அழுத்தமாகத் தெரியும். உங்களுக்கு எந்தக் குறிப்பு முதலில் வருகிறது என்று இந்த வாரம் வீட்டில் சாப்பிடும்போதே கவனித்து வையுங்கள். அது வந்ததும் கையில் இருக்கும் வாயைக்கூட உள்ளே போடக்கூடாது. இந்த ஒன்றைப் பழகிவிட்டால் எந்த ஊரில், எந்த மேசையில் உட்கார்ந்தாலும் சமாளித்துவிடுவீர்கள்.

விருந்து நாளுக்கு வருவோம். இரவு விருந்து இருக்கிறதே என்று பகலில் பட்டினி கிடக்காதீர்கள். ரொம்பப் பேர் செய்வது இதைத்தான். கொலைப் பசியோடு போய் உட்கார்ந்தால் முதல் மூன்று வாய் மெல்லாமலே இறங்கிவிடும், தொந்தரவு தொடங்குவதும் அங்கேதான். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு சாப்பிட்டுவிட்டே போங்கள். தண்ணீரும் பகல் முழுக்க வாய் வாயாகக் குடித்து முடித்திருக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மேசையில் டம்ளர் நிறைய நிறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், பழக்கத்தில் கை போய்விடும். பரிமாறுபவரிடம் எனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி டம்ளரை எடுத்துவிடச் சொல்லுங்கள். வாயுவேற்றிய குளிர்பானம் பக்கமே போகாதீர்கள். அந்தச் சின்ன இடத்தில் வாயுவும் சேர்ந்தால் வலிதான் மிஞ்சும்.

முடிந்தால் உணவகத்தின் மெனுவை முந்தின நாளே இணையத்தில் பார்த்து, என்ன கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய்ப் பசியோடு, பத்துப் பேர் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை.

எதைக் கேட்பது? முதலில் புரதம். ஒரு நாளைக்கு 60 கிராமாவது உங்களுக்குத் தேவை, இடமோ கொஞ்சம்தான். ஆகவே தட்டில் புரதம் இருப்பதை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் காய்கறி, அதன் பிறகும் இருந்தால் மட்டும் சோறோ ரொட்டியோ. புரதத்திலும் எப்படிச் சமைத்தது என்பதைப் பாருங்கள். உணவகங்களில் கோழியை முன்கூட்டியே வேகவைத்து, கேட்கும்போது மறுபடி சூடாக்குவதுண்டு. வறுத்தது, சுட்டது, இரண்டாம் முறை சூடாக்கியது எல்லாம் ஈரம் வற்றி நாராகிவிடும். எவ்வளவு மென்றாலும் பிரிந்து மறுபடி உருண்டையாகத் திரளும். குழம்போடு இருப்பது, ஆவியில் வெந்தது, கொத்தியது, மீன், முட்டை, இவையெல்லாம் சுலபமாக இறங்கும். சைவம் என்றால் நன்றாக வெந்த பயறு, பருப்பு, டோஃபு. கோழியே வேண்டும் என்றால் மார்புப் பகுதியை விடத் தொடைப் பகுதி மென்மையாக இருக்கும். மிருதுவான ரொட்டி ஆபத்தில்லாதது போலத் தெரியும், ஆனால் எச்சிலில் பிசைந்து மாவுருண்டையாகித் தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். குழைந்த சோறும் அப்படித்தான். நார் மிகுந்த காயும், பழத்தோலும் இன்னும் சில மாதம் பொறுக்கட்டும்.

ஸ்டார்ட்டர் ஒன்றைக் கேட்டு அதையே முழுச் சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம். அல்லது பக்கத்தில் இருப்பவரோடு ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முழு அளவுதான் வரும் என்றால், சாப்பிடத் தொடங்கும் முன்பே பாதிக்கு மேல் பார்சல் கட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு எதிரே இருந்தால் ஒரு வாய், இன்னொரு வாய் என்று கை போகும். ஒரு வாய் என்றால் சுண்டுவிரல் நகம் அளவு. அதை வாயில் போட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். கூழாகும் வரை, இருபது முப்பது முறையாவது மெல்லுங்கள். விழுங்கிச் சற்றுப் பொறுத்த பிறகே கரண்டியை மறுபடி எடுக்க வேண்டும். பேசுவதென்றால் கரண்டி கீழே இருக்கும் அந்த இடைவெளியில் பேசுங்கள். மெல்லும்போதே பதில் சொல்லப் போய் அப்படியே விழுங்கிவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. மொத்தச் சாப்பாடும் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் தட்டை வைத்துக்கொண்டு கொறிப்பதும் நல்லதல்ல. பஃபே இந்த ஆண்டு வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாந்தியைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம். இறைச்சி ஒருமுறை அடைத்துவிட்டால், மனம் தானாகவே "வழுக்கி இறங்கும்" உணவுகளின் பக்கம் போகும். ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு சிப்ஸ், பிஸ்கட், கேக். இவை அடைக்காது, வலிக்காது, எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைந்த மாதிரியே இருக்காது. அதனால் "இதுதான் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு தட்டு சிப்ஸ் ஒரு மணி நேரத்தில் முழுக்க உள்ளே போயிருக்கும். இறங்கிய எடை மறுபடி ஏறுவதற்கு இந்த வழி ரொம்பச் சுலபமானது. விருந்தில் உங்களுக்குத் தொந்தரவே தராத உணவு எதுவோ, அதைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். தெளிவான சூப்பும் இதே ரகம். குடித்தால் இதமாக இருக்கும், இடத்தையும் அடைக்கும், சத்து ஒன்றும் சேராது. பருப்போ கோழியோ அரைத்துச் சேர்த்த கெட்டியான சூப் என்றால் சரி.

இனிப்பைப் பற்றி. பைபாஸ் முறையில், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் முறையில், எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். அதிகச் சர்க்கரை, அதிக எண்ணெய் உள்ள உணவு சட்டென்று சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்தால் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி எல்லாம் வரலாம். இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் சில சமயம் வரும். சாய்ந்து படுத்தால் அடங்கிவிடும். இன்னொரு வகை தாமதமாக, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கி, நடுக்கமும் தடுமாற்றமும் உண்டாகும். விருந்து முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும் நேரமாக அது இருந்துவிடலாம். அப்படி வந்தால் வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள், மருத்துவரிடமும் தவறாமல் சொல்லுங்கள்.

மது பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், முதல் ஒரு வருடம் வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் பழைய கணக்குச் செல்லாது. இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு மது வெகு சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், நெடுநேரம் நிற்கும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை மதுவில் தேடத் தொடங்கி அடிமையானவர்களும் உண்டு.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? உங்கள் அறுவை சிகிச்சை உங்கள் சொந்த விஷயம். எல்லோருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. "சமீபத்தில் வயிற்றுக்கு ஒரு சிகிச்சை நடந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும்" என்பது முழு உண்மை, அதற்கு மேல் யாரும் நோண்ட மாட்டார்கள். ஆனால் மேசையில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும். அண்ணனிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். யாராவது "இன்னும் கொஞ்சம்" என்று தட்டில் வைக்க வரும்போது அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் எழுந்து போனாலும் பதறாமல் இருப்பார். உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது வாந்தி அல்ல, அதற்குப் பிறகு நீங்கள் யாரோடும் வெளியே போகாமல் இருப்பதுதான். மனிதர்களோடு இன்னும் நன்றாக நடமாடுவதற்காகத்தானே இவ்வளவு பெரிய முடிவை எடுத்தீர்கள். போய் உட்காருங்கள், சிரித்துப் பேசுங்கள், நாலு வாய் சாப்பிடுங்கள். மறுபடியும் அடைத்தால் எழுந்து நில்லுங்கள், கொஞ்சம் நடங்கள். தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள், அது மேலேதான் வரும். பதினைந்து இருபது நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். அன்றைக்கு அதற்கு மேல் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக, எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது. நிதானமாக மென்று சாப்பிட்டும் வாந்தி அடிக்கடி வருகிறது, வீட்டு உணவும் நிற்கிறது, நீர்மமே இறங்கச் சிரமப்படுகிறது என்றால் இரைப்பைக் குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்து விரித்துச் சரிசெய்துவிடலாம், தள்ளிப்போடக்கூடாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி1 வெகு விரைவில் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், குழப்பம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண்ணெய் மிகுந்த உணவுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி எடுத்தால் அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாக இறங்கும் இந்த மாதங்களில் கல் உருவாவது சகஜம், ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, கடுமையான வயிற்றுவலி, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கறுப்பாக மலம் போவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். விருந்துக்குக் கிளம்பும்போது அவர் எண் உங்கள் போனிலும் அண்ணன் போனிலும் இருக்கட்டும்.