பனியில் கார் வைப்பர் நடுவே துடைக்காமல் விடுவது ஏன்

வணக்கம். மழையில் ஒழுங்காகத் துடைக்கும் புது வைப்பர், பனி கொட்டும்போது மட்டும் கனடாவின் 401 நெடுஞ்சாலையில் கண்ணாடி நடுவே ஒரு பட்டையைத் துடைக்காமல் விடுகிறது என்கிறீர்கள். ரப்பரைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுடையது மூட்டு மூட்டாக இரும்புச் சட்டம் உள்ள வகை. அந்த மூட்டுகளில் ஈரப்பனி புகுந்து உறைந்தால் சட்டம் விறைத்துவிடும். கண்ணாடியோ வளைவானது. விறைத்த சட்டம் அந்த வளைவுக்கு மடங்காது, அதனால்தான் இடையில் அழுத்தம் போய்விடுகிறது.

வண்டியின் சூட்டுக்காற்றும் இதற்கு உடந்தை. கண்ணாடியில் விழும் பனியை அது உருக்க, அந்தத் தண்ணீர் வைப்பரில் ஏறி மறுபடி உறைகிறது.

மூட்டே இல்லாத பீம் வகைக்கு மாறுங்கள். சட்டத்தை ரப்பர் உறையால் மூடிய குளிர்கால வைப்பரும் நன்றாகவே உழைக்கும், ஆனால் கனம் அதிகம், கோடையில் கழற்றிவிடலாம்.

கண்ணாடியில் பீச்சும் வாஷர் திரவம் கோடையில் ஊற்றியதாக இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு, -40 டிகிரி வரை உறையாது என்று போட்டிருப்பதை ஊற்றுங்கள். அதையே துணியில் நனைத்து ரப்பர் விளிம்பைத் துடைத்தால் உப்பும் அழுக்கும் போகும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம்.

அப்புறம், இரவு வண்டியை நிறுத்தும்முன் வைப்பரை அணைத்துவிட்டு எஞ்சினை அணையுங்கள். இல்லாவிட்டால் காலையில் சாவி போட்டதும் உறைந்த வைப்பரை மோட்டார் இழுக்கும், ஃப்யூஸ் போகலாம்.