வசனத்தைச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்

மகளுக்கு மருத்துவம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருக்கிறது. அவளோ வேதாகமம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அத்தை, “டாக்டராகிவிட்டு அப்புறம் பைபிள் படிக்கட்டும்” என்கிறார். பெரியப்பா, “உலக ஞானம் தேவனுக்கு முன்பாகப் பைத்தியம்; தேவபயம் இருந்தால் போதும், அதற்கு ஒரு பட்டமா?” என்கிறார். நடுவில் உங்களுக்குத் தூக்கமில்லை. கவலை நியாயம்தான், ஆனால் ஆறுதலோடு நிறுத்த முடியாது.

பெரியப்பா சொல்வது 1 கொரிந்தியர் 3:19. அதே வசனத்தில் பவுல் யோபு 5:13-ஐ மேற்கோள் காட்டுகிறார். யோபு புத்தகத்தில் அதைச் சொன்னவன், துன்பத்தில் இருந்த யோபுவோடு வாதாடிய நண்பன் எலிப்பாஸ். 42:7-ல் கடவுள் பெயர் சொல்லிக் கோபிப்பதும் அவனைத்தான். கேள்வி மேல் கேள்வி கேட்ட யோபுவைப் பற்றியோ, நிதானமாகப் பேசினான் என்கிறார். மனித அறிவுக்கு எல்லை உண்டென்றால், பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கும் உறவினர் அறிவுக்கும் அது உண்டு.

மருத்துவம் பற்றி ஊரே பேசும். போதகர் பயிற்சியும் தெரிந்ததே. யாரும் பேசாதது, பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயுவில் ஞான நூல்களை (யோபு, நீதிமொழிகள், பிரசங்கி) படித்து வேதாகம மொழிபெயர்ப்புப் பணிக்குப் போகும் வழி. உலகில் சுமார் 7,000 மொழிகள். முழு வேதாகமம் இருப்பது அவற்றில் 700-க்கு மேற்பட்டவற்றில்தான். புதிய ஏற்பாடு முடிந்து, பழைய ஏற்பாடு இன்னும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும் மொழிகள் ஏராளம். மொழிபெயர்ப்பு வரைவை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த எபிரெயு தெரிந்தவர் வேண்டும்.

எபிரெயு எழுத்துகள் 22, அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் இறுதியில் வேறு வடிவம். வலமிருந்து இடமாக, கையால் எழுதிப் பழக வேண்டும். அடுத்து, பழைய ஏற்பாட்டில் 50 தடவைக்கு மேல் வரும் சுமார் 640 சொற்கள். ஆர்வத்தில் நேராக யோபுவைத் திறந்தால் பாதியில் கைவிட நேரும்: வேறெங்கும் வராத சொற்கள் அதில் மலிந்திருக்கின்றன. முதலில் ரூத், 85 வசனம், எளிய உரைநடை. பிறகு நீதிமொழிகள் 10, இரண்டிரண்டு அடியாக. பிரசங்கி அதற்கப்புறம், யோபு கடைசியில். வரிக்கு அடியிலேயே பொருள் அச்சிட்ட பதிப்பைத் தொடக்கத்தில் தரவே வேண்டாம். கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், வினைவடிவம் மனதில் ஏறாது.

அவளுக்கு இது பொருந்துமா என்று பார்க்க நீதிமொழிகள் 26:4, 5 போதும். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது ஒன்று, சொல் என்கிறது அடுத்தது. அவசரமாகச் சமாதானம் சொல்லி முடிக்கிறாளா, எப்போது எது பொருந்தும் என்று தேடுகிறாளா? யோபு 28-ஐயும் கொடுங்கள். பூமியைக் குடைந்து பொன்னும் நீலக்கல்லும் எடுக்கும் மனிதனுக்கு ஞானம் இருக்குமிடம் மட்டும் தெரியவில்லை. 12-ஆம் வசனம் அதைக் கேட்கிறது, 20-ஆம் வசனம் திரும்பக் கேட்கிறது, தேவபயம் என்ற பதில் 28-ஆம் வசனத்தில்தான் வருகிறது. அந்தத் தாமதம் அவள் கண்ணில் பட்டால், அவளைத் திசைதிருப்பாதீர்கள்.

செலவில் மட்டும் கறார். இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கவே கூடாது. வேலைகள் குறைவு, வருமானம் மெதுவாகத்தான் வரும். மொழியியலில் ஒரு பொதுப் பட்டம், கூடவே எபிரெயு என்று தொடங்கட்டும். ஆசிரியப் பணி, பதிப்புப் பணி இரண்டுக்கும் வாசல் திறந்திருக்கும். ரூத்தை அகராதி மட்டும் வைத்துப் படித்து முடித்த பிறகே இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம். அதுவரை அத்தையிடமும் பெரியப்பாவிடமும் பேச வேண்டியது நீங்கள், அவளல்ல.