அழுகைக் காட்சி வேண்டாம், டீச்சர்

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் அம்மா மட்டும் உள்ள பிள்ளை, தாத்தா பாட்டி வளர்க்கும் பிள்ளை, தத்துப்பிள்ளை, இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை எல்லோரும் உண்டு. எல்லாக் குடும்பமும் குடும்பம்தான் என்று ஒரு நாடகம் எழுதியிருக்கிறேன். தத்துப்பிள்ளையைக் கேலி செய்கிறார்கள், அவள் அழுகிறாள், கடைசியில் எல்லோரும் மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்தக் குழந்தையையே அதில் நடிக்க வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவளுக்குப் பேய் வேஷமோ திருடன் வேஷமோ, எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள். தன் வீட்டுக் கதையை எல்லார் முன்னாலும் நடித்துக்காட்டும் வேலை எட்டு வயதில் யாருக்கும் வேண்டாம்.

நாடகத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒத்திகையில் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகப்போவது கேலி வசனத்தைத்தான், மன்னிப்பு ஒரு வரியில் முடிந்துவிடும், அப்புறம் அந்தக் கேலி மைதானத்திலும் கேட்கும். கதையை வேறு எதைப் பற்றியாவது வையுங்களேன். ஒரு நாய்க்குட்டி காணாமல் போகிறது, பிள்ளைகள் வீடு வீடாகத் தேடுகிறார்கள், ஒரு கதவைத் தாத்தா திறக்கிறார், இன்னொன்றை இரண்டு அம்மாக்கள் திறக்கிறார்கள், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் கவலை நாய்க்குட்டியைப் பற்றித்தான். பெர்லினின் கிரிப்ஸ் நாடகக் குழு 1960களின் கடைசியிலிருந்தே ராஜா ராணி கதைகளை விட்டுவிட்டு, இன்றைய பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைத்தான் மேடையேற்றுகிறது. சிரிப்பும் பாட்டுமாகத்தான், பிரசங்கமாக இல்லை.

கேலியைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டரை வகுப்புக்குள் செய்து பாருங்கள். காட்சியைத் தீர்வில்லாமல் நிறுத்திவிட்டு மறுபடி நடிப்பார்கள், பார்ப்பவர் "நிறுத்து" என்று சொல்லி உள்ளே வந்து கதையை மாற்றலாம். போவாலின் முறையில் அப்படி உள்ளே வருபவர் பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நிற்பார். சின்னப் பிள்ளைகளிடம் நான் அப்படிச் செய்ய மாட்டேன், கேலிக்கு ஆளானவள்தான் சமாளிக்க வேண்டும் என்று ஆகிவிடும். பக்கத்தில் பேசாமல் நிற்கும் தோழியின் இடத்துக்குக் கூப்பிடுங்கள், அங்கே என்னென்ன யோசனை வருகிறது என்று பாருங்கள். கேலி செய்பவராக நீங்களே நடித்துவிடுவது நல்லது, அந்தப் பட்டம் எந்தப் பிள்ளைக்கும் ஒட்டாது.

அப்புறம் அழைப்பிதழ். அதில் "அப்பா அம்மாவுடன் வருக" என்று இருந்தால் முதலில் அதை அடித்துவிட்டு "வீட்டாருடன்" என்று போடுங்கள், வீட்டுக்கு இரண்டு நாற்காலி என்றும் கணக்குப் போடாதீர்கள்.