ஊரைப் பார்க்க வருகிறார்கள், காசு எங்கே போகிறது?

மே மாதம் நெருங்கினால் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளுக்குப் புது வர்ணம் பூசத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு வருகிற கேள்விகளும் அந்த நேரத்தில்தான் கூடும். சுற்றுலா விளம்பரத்துக்கு உள்ளூர்ச் சபை ஏன் காசு போடுவதில்லை, நாங்கள் கட்டுவது யாருடைய பெட்டிக்குப் போகிறது என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். இந்த முறை அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: உப்புவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். சுற்றுலா அதிகார சபையில் பதிந்திருக்கிறேன். கொழும்புக்கு 1 வீதம், பிரதேச சபைக்கும் 1 வீதம் என்கிறார்கள். ஒரே வரியை இரண்டு இடத்தில் கட்டுகிறேனா? இதில் திருகோணமலைக்கு ஒரு விளம்பரமாவது போடுகிறார்களா?

இரண்டும் வேறு வேறு அக்கா. இரண்டும் 1 வீதம் என்பதால் நிறையப் பேர் குழம்பிப்போகிறார்கள்.

கொழும்புக்குப் போவது சுற்றுலா அபிவிருத்தி அறவீடு. 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டத்தில் வந்தது, மொத்தப் புரள்வில், அதாவது தொழிலில் வருகிற மொத்தப் பணத்தில், 1 வீதம். அது சுற்றுலா அபிவிருத்தி நிதியத்துக்குப் போகிறது. விமான நிலையத்தில் வெளிநாடு புறப்படுகிறவர்களிடம் வாங்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கும் அதே நிதியத்தில்தான் சேர்கிறது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் அந்தப் பணத்தை அபிவிருத்தி அதிகார சபை, மேம்பாட்டுப் பணியகம், ஹோட்டல் முகாமைத்துவப் பயிற்சி நிறுவகம், மாநாட்டுப் பணியகம் என்று நான்கு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. விளம்பர வேலை மேம்பாட்டுப் பணியகத்துடையது. லண்டன், பெர்லின் சந்தைகளில் கூடம் போடுவதும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை அழைத்து வருவதும் அவர்கள்தான். அவர்கள் விற்பது இலங்கை முழுவதையும். சிகிரியா, யாலை, எல்ல என்று அடுக்கிக்கொண்டு போகையில் நிலாவெளிக் கடற்கரைக்கு ஒரு படம் கிடைத்தால் உண்டு. எந்த மாவட்டம் எவ்வளவு கட்டியதோ அந்த அளவுக்கு அதற்கு விளம்பரம் என்ற கணக்கு அங்கே கிடையாது.

பிரதேச சபைக்குக் கட்டுவது உரிமக் கட்டணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சுற்றுலாச் சபையில் பதிந்த ஹோட்டல், உணவகம், விடுதி என்றால் முந்தைய வருட வருமானத்தில் 1 வீதத்துக்கு மேற்படாமல் வாங்கலாம். பதியாத விடுதிக்கு ஆண்டுப் பெறுமதியை, அதாவது கட்டடத்துக்கு மதிப்பிட்ட ஆண்டு வாடகையை, வைத்துத்தான் கட்டணம், அதன் உச்சமே 1000 ரூபாய். ஆக, நீங்கள் பதிந்திருப்பதால் சபைக்குத்தான் லாபம். பக்கத்துக் காணியில் பத்து அறை கட்டி, பதியாமல் ஓட்டுகிறவர் ஆயிரம் ரூபாயோடு முடித்துக்கொள்கிறார். உங்கள் ஆதங்கத்தில் நியாயமான பகுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, அந்த உரிமப் பணம் என்ன ஆகிறது? சபை நிதி என்ற ஒரே குளத்தில் விழுகிறது. வீடு, கட்டடங்களுக்கான சோலை வரி, சந்தைக் குத்தகை, மாகாணம் வழியாகத் திரும்பி வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப் பணம் எல்லாம் அதே குளத்தில்தான். சுற்றுலாவில் வந்த காசு சுற்றுலாவுக்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குப்பை உழவு இயந்திரத்தின் டீசலுக்கும் போகும், தெருவிளக்குக்கும் போகும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். குப்பை அள்ளாத கடற்கரைக்கு எந்த விளம்பரமும் உதவாது. ஆனால் பதிந்த விடுதிகளின் உரிமப் பணத்தில் இத்தனை பங்கை ஊரை அறிமுகப்படுத்தவும் கடற்கரையைப் பராமரிக்கவும் ஒதுக்குவோம் என்று சபை தீர்மானம் போட்டுப் பாதீட்டில் தனித் தலைப்பு ஒன்றைத் திறக்கலாம். அதைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகிறது. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபை. கோணேசர் கோயிலும் டச்பே கடற்கரையும் நகரத்துச் சபையின் எல்லை. வருகிறவருக்கு இது ஒரே திருகோணமலை. காலையில் கோயில், மதியம் உப்புவெளியில் சாப்பாடு, அடுத்த நாள் நிலாவெளியில் படகு. காசு மூன்று சபைகளில் பிரிந்து விழுவதால் விளம்பரம் செய்வது தன் வேலை என்று ஒரு சபையும் நினைப்பதில்லை. மூன்றும் சேர்ந்து சிறிய பொது நிதி ஒன்றை வைக்காதவரை இந்த நிலை மாறாது. கிழக்கு மாகாணச் சுற்றுலாப் பணியகம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் கையில் மட்டக்களப்பு, அம்பாறை, அறுகம்பை எல்லாமே இருக்கின்றன.

கேள்வி: நிலாவெளியில் படகு ஓட்டுகிறேன். புறாமலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் டிக்கட்டுக்கு எவ்வளவோ கட்டுகிறார்கள். அதில் ஊருக்கு என்ன கிடைக்கிறது?

நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாமலைத் தீவு 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அன்றிலிருந்து நுழைவுக் கட்டணம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. கரையில் இருக்கிற கவுண்டரில் கொடுக்கும் சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள், திணைக்களத்தின் பெயர்தான் இருக்கும். குச்சவெளிச் சபைக்கு அதில் பங்கில்லை. உங்கள் படகுக் கூலிதான் நேரடியாக ஊருக்குள் நிற்கிற பணம்.

மற்ற இடங்களும் இப்படித்தான். மாபிள் பீச்சை நடத்துவது விமானப்படை. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகள் தொல்பொருள் திணைக்களத்தின் கையில். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதைக் கடந்துதான் கோயிலுக்கே போகிறோம். திருகோணமலையைப் படம் பிடிக்கிறவர்கள் பிடிக்கிற இடங்களில் பாதிக்கு மேல் உள்ளூர்ச் சபைக்கு ஒரு சதம் தருவதில்லை. அங்கே போகிற வீதியைக் கழுவுவதும், வருகிறவர் போட்டுவிட்டுப் போகிற சோற்றுப் பார்சல் தாளைப் பொறுக்குவதும் மட்டும் சபை. இதை மாவட்ட அபிவிருத்திக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவர்கள் உங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்கள். படகுச் சங்கமாக எழுத்தில் கொடுங்கள், தனி ஆளாகப் போய்ச் சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

கேள்வி: கடற்கரை வீதியில் எங்கள் டைவிங் கடைக்குப் பெரிய விளம்பரப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் போவது?

உள்ளூர் வீதி என்றால் சபையிடம். பலகையின் அளவைப் பார்த்து ஆண்டுக் கட்டணம் போடுவார்கள். பிரதான வீதியை ஒட்டி வைப்பதென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் வேண்டும். அனுமதி இல்லாமல் நட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள், போன பலகையை மீட்பது பெரிய அலைச்சல். பலகையில் தமிழும் சிங்களமும் இருக்கட்டும், ஆங்கிலத்தை மட்டும் நம்பாதீர்கள். நீண்ட விடுமுறைகளில் கண்டி, குருநாகல் பக்கமிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்களும் உங்கள் வாடிக்கையாளர்களே.

கேள்வி: நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன், சொந்த ஊர் திருகோணமலை. இங்கே ஹோட்டல் பில்லிலேயே நகரசபை வரி என்று தனியாகப் போடுகிறார்கள். அங்கேயும் ஒரு இரவுக்கு நூறு ரூபாய் போட்டால் பிரச்சினை தீராதா?

நல்ல கேள்வி. உங்கள் ஊர்க்காரர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொறொன்ரோவில் அந்தத் தங்குமிட வரி 2018 ஏப்ரலில் 4 வீதமாகத் தொடங்கியது. 2023இல் 6 வீதமானது. உலகக் கிண்ண உதைபந்தாட்டச் செலவுக்காக 2025 ஜூன் முதல் 2026 ஜூலை முடிய 8.5 வீதம் என்று தற்காலிகமாக உயர்த்தினார்கள். இதில் நான் மெச்சுகிற இடம் வரி வீதம் இல்லை. ஒன்ராறியோ விதிப்படி, வசூலில் செலவு போக மிஞ்சுவதில் பொதுவாகப் பாதியையாவது சுற்றுலாவை மேம்படுத்தும் அமைப்புக்கு நகரசபை கொடுத்தே ஆக வேண்டும். நகரசபை நினைத்தாலும் முழுவதையும் வீதி போடுவதற்கு எடுத்துவிட முடியாது.

அமெரிக்காவில் புளோரிடா இன்னும் இறுக்கம். 1977இல் வந்த சட்டத்தின்படி அங்கே கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஆணையம் படுக்கை வரி என்கிற தங்குமிட வரி போடலாம். ஆனால் ஒன்பது பேர் கொண்ட சுற்றுலா ஆலோசனை மன்றம் ஒன்றை அமைத்து, என்னென்ன செலவுக்கு என்று முன்கூட்டியே திட்டம் எழுதி வைக்க வேண்டும். அந்த மன்றத்தில் ஹோட்டல்காரர்களும் உட்காருவார்கள், மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்களும் உட்காருவார்கள். விளம்பரத்துக்கு இவ்வளவு, கடற்கரைக்கு இவ்வளவு என்று பேச்சு அந்த மேசையில்தான் நடக்கும்.

இங்கே அப்படிச் செய்ய முடியுமா? சபை தானாக முடியாது. நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சிச் சபையும் வரி போடக்கூடாது என்கிறது. நூறு ரூபாய் என்றாலும் சட்டம் வேண்டும். சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. முதல் பதிலில் சொன்ன 1 வீத உரிமக் கட்டணம் கையிலேயே இருக்கிறது. அதைச் சரியாக வசூலித்து, புளோரிடாக்காரர் மாதிரி ஒரு மேசையைப் போட்டு, விடுதிக்காரர், படகுக்காரர், முச்சக்கரவண்டிக்காரர் எல்லோரையும் உட்கார வைத்துச் செலவைத் தீர்மானிக்கலாம். புதிய வரியை விட இதுதான் எனக்கு அவசரமாகத் தெரிகிறது.

கேள்வி: நாங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து திருகோணமலை பற்றி வீடியோ எடுத்துப் போடுகிறோம். சபையிடம் உதவி கேட்டால் "அதற்கெல்லாம் ஒதுக்கீடு இல்லை" என்கிறார்கள். உண்மையா, தட்டிக்கழிக்கிறார்களா?

அநேகமாக உண்மைதான் தம்பி. சபையின் பாதீட்டுப் புத்தகத்தைத் திறந்தால் செலவுகள் ஆறு திட்டங்களாகப் பிரிந்திருக்கும்: பொது நிர்வாகம், சுகாதாரம், வீதியும் காணியும் கட்டடமும், நீர், பொதுப் பயன்பாட்டுச் சேவை, நலன்புரி. சுற்றுலா என்று ஒரு தலைப்பு இல்லை. கடற்கரையில் மலசலகூடம் கட்டினால் சுகாதாரத்தில் ஒளிந்திருக்கும். கலை விழா வைத்தால் நலன்புரியில் இருக்கும். தலைப்பு இல்லாத செலவுக்குச் செயலாளர் காசோலை எழுதினால் கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகத்திலிருந்து ஐயவினா, அதாவது விளக்கம் கேட்டுக் கடிதம், வரும், பதில் சொல்ல வேண்டியது அவர். அதனால்தான் பயப்படுகிறார்.

நீங்கள் கேட்ட காலம்தான் சரியில்லை என்று நினைக்கிறேன். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த வருடப் பாதீடு ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே உருவாகத் தொடங்கி, வருடம் முடிவதற்குள் சபையில் வாக்கெடுப்புக்கு வரும். ஏப்ரலில் போய்க் கேட்டால் கதவு மூடியாகிவிட்டது. ஆகஸ்டில் போங்கள். வெறும் "உதவி வேண்டும்" என்று எழுதாமல், எந்த இடம், எத்தனை நிமிடம், எந்த மொழிகள், எவ்வளவு செலவு, முடிந்ததும் காணொளி யாருக்குச் சொந்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தவிசாளருக்கு ஒரு பிரதி, உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி. சபைப் பணம் என்றால் விலைக்கோரல் நடைமுறையும் வரும், வேலையை நேரடியாக உங்களிடம் தூக்கித் தர முடியாது. அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: விளம்பரத்துக்கு எந்த மாதத்தில் செலவு செய்வது நல்லது?

நமது பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. தெற்கே மழையடிக்கும்போது இங்கே கடல் அமைதி. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் ஜனவரி, பெப்ரவரியிலேயே கோடை விடுமுறையைத் திட்டமிட்டுவிடுவார். ஆகவே அவருக்கான விளம்பரம் மாரிகாலத்தில், நமது கடற்கரை வெறிச்சோடியிருக்கும்போதே போக வேண்டும். உள்நாட்டவருக்கு ஏப்ரல் போதும். ஒக்டோபருக்குப் பிறகு கடலைக் காட்டி ஆள் அழைக்காதீர்கள், வந்து ஏமாந்து போகிறவர் திரும்ப வரமாட்டார்.

கேள்வி: சபை சுற்றுலாவுக்கென்று உண்மையில் எவ்வளவு செலவழித்தது என்று சாதாரண ஆள் அறிய வழி உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். சபையில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்கும் விதம்தான் முக்கியம். "சுற்றுலாவுக்கு எவ்வளவு செலவு" என்று கேட்டால், அப்படி ஒரு தலைப்பே இல்லையே என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: சுற்றுலாச் சபையில் பதிந்த எத்தனை நிறுவனங்களிடமிருந்து கடந்த வருடம் உரிமக் கட்டணம் பெறப்பட்டது, மொத்தம் எவ்வளவு, 1 வீதத்தை எந்தக் கணக்கறிக்கையை வைத்துக் கணித்தார்கள், கடற்கரைத் துப்புரவுக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் மலசலகூடப் பராமரிப்புக்கும் தனித்தனியே எவ்வளவு போனது. இதே கேள்வித்தாளை மூன்று சபைகளுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பதில்கள் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் அடுத்த முறை அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.