எளிய தமிழில் எழுதிய வாடகை ஒப்பந்தம் செல்லுமா?

காரைக்குடியில் பூர்வீக வீட்டை வாடகைக்கு விடுகிறோம், பழைய பத்திர நடை இல்லாமல் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்ன சொற்களில்தான் எழுத வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. அதன் 29ஆம் பிரிவுப்படி, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம்தான் செல்லாது. ஆக, குழப்பம்தான் ஆபத்து, எளிமை அல்ல.

செட்டிநாட்டு வீட்டில் இது நிஜப் பிரச்சினை. "ஷை (மேற்படி) சொத்தை சகல பாத்தியங்களுடன் (உரிமைகளுடன்) அனுபவித்து வர" என்று எழுதிவிட்டால் எதுவரை அனுபவிப்பது? "முகப்பும் வளவும் மட்டும் வாடகைக்கு. இரண்டாம் கட்டும் பூட்டிய அறைகளும் சேராது. படைப்பு நாளில் பங்காளிகள் வளவைப் பயன்படுத்துவார்கள்" என்று எழுதுங்கள். (முகப்பு என்பது வீட்டின் முன்பகுதி; வளவு நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்; இரண்டாம் கட்டு அதற்குப் பின்பகுதி; படைப்பு முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு.) அப்புறம் சண்டைக்கு இடமே குறைவு. பங்காளிகளுக்கும் பங்கு இருந்தால் அவர்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாச் சொல்லையும் தூக்கி எறியவும் கூடாது. ஒத்தி (கடனுக்கு ஈடாகச் சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது), கிரயம் (விற்பனை), குத்தகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு. ஒத்தியை 'வாடகை' என்று எளிமையாக்கினால் விவகாரமே மாறிவிடும். சரி, எழுதியதும் வீட்டு ஆச்சியிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்படின்னா என்னப்பா?" என்று அவர் கேட்கும் வரியைத் திருத்துங்கள். கடைசியாக வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும்.